அச்சு மாத்துற நேரம்

அச்சு மாத்துற நேரம்னு இருக்கே, அந்தக் கட்டத்தக் கடைசியா நிரப்பலாம் தம்பி. பால் குவளையோட உயிரே அதுலதான் இருக்கு. மத்ததக் கேளுங்க. பேரு கவாட்டா. திக்காவுல இந்த அலுமினியச் சட்டிக் கம்பெனியில பதினாறு வருஷம். ஸ்டூல் ஆடும், பாத்து உக்காருங்க.

இல்ல, விளக்க வேணாம், எனக்கு அந்தக் கணக்கு தெரியும். நாலு வருஷம் முன்னாடி நைரோபியிலேருந்து உங்கள மாதிரியே ஒருத்தரு இதே ஃபாரத்தோட வந்தாரு. அதுவரைக்கும் கரன்ட்டு, ரிப்பேரு, சூப்பர்வைசர் சம்பளம்னு எல்லாப் பொதுச்செலவையும் மெஷின் ஓடுன மணிய வச்சுத்தான் பிரிப்பாங்க. பெரிய சட்டி மாசம் பூரா ஓடும், சுமையெல்லாம் அது தலையில. சின்ன சாமான் அரைநாள் ஓடும், அதும்மேல ஒண்ணும் ஒட்டாது. அவரு வந்து, எந்தச் சாமானால எந்த வேல வருதோ, அந்தச் செலவ அது தலையிலதான் எழுதணும்னாரு. நியாயந்தானே. இருபதாயிரம் சட்டிக்கும் மெஷின்ல ஒரு தடவ அச்சு மாட்டணும், இருநூறு புனலுக்கும் ஒரு தடவ மாட்டணும்.

ஆமா, அப்ப புனல் போட்டோம். மண்ணெண்ணெய் ஊத்துறது. அச்சு மாத்த எவ்ளோ நேரம்னு முத்திசோகிட்ட கேட்டாரு. அவருதான் அப்ப அச்சு மாத்துறவரு. எனக்கென்ன தெரியும், எதிர்ல பேக்கிங்ல நிக்குதே, அதுகிட்ட வாட்ச் இருக்குன்னு என்னைக் காட்டி விட்டுட்டாரு. நான் மூணு மணி நேரம்னேன். பொய்யில்ல, மூணு மணி நேரந்தான். நிமிஷத்துக்கு அம்பது ஷில்லிங்னு போட்டாரு. ஒம்பதாயிரம். புனல் ஒண்ணுக்கு நாப்பத்தஞ்சு விழுந்துச்சு. தகடு, கூலி முப்பது. வித்தது அறுபதுக்கு. அடுத்த மாசமே புனல நிறுத்திட்டாங்க. மேனேஜர் எனக்குக் கை குடுத்து டீ வாங்கித் தந்தாரு, எண்ணெயில பொரிச்ச மண்டாசி ரெண்டோட.

முத்திசோவா? அவரயும் நிறுத்திட்டாங்க. சின்ன சாமான்ல மிச்சம் இருந்தது கால் லிட்டர் பால் குவளை மட்டுந்தான், வாரம் ரெண்டு தடவ, தடவைக்கு இருநூறு. அதுக்குன்னு ஒரு ஆள் எதுக்குன்னு, பேக்கிங் சம்பளத்துலயே என்னையே அச்சு மாத்தச் சொல்லிட்டாங்க. இப்ப நீங்க அந்தக் குவளைக்குத்தான் வந்திருக்கீங்க. அதுவும் நின்னா, பேக்கிங்ல ஆள் அதிகம்னு நானும் கிளம்ப வேண்டியதுதான்.

அச்சு மாத்த முத்திசோதான் கத்துக் குடுத்தாரு. சாயங்காலம், கூழுப்பானையையும் மூடியையும் வச்சு. எங்கயா? வீட்டுலதான். எங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த தம்பி அவரு. இந்த நாலு வருஷத்துல அந்த மூணு மணி நேரத்தப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. நீங்க வர்றீங்கன்னு நேத்து அவருகிட்ட சொன்னேன். இன்னிக்குக் காலையில நான் கிளம்புறப்ப என் கையப் புடிச்சு வாட்ச்சக் கழட்டி, தன் சட்டப்பையில போட்டுக்கிட்டாரு.

அதனால வாட்ச் இல்ல. குத்துமதிப்பாத்தான் சொல்ல முடியும். நாப்பது நிமிஷம்னு எழுதிக்கங்க.