ஒன்பதாம் கேள்வி

— இல்லை எண்டே போடுங்கோ, றுக்கியா மிஸ். எத்தினை தரம் கேக்கிறியள்?

— இது ஒன்பதாம் கேள்வி, ஞானசேகரம் அண்ணன். மத்த எட்டையும் ஒருதரம்தான் கேட்டன். உடம்புக்குள்ள இரும்பு, ஈயம், செல் துண்டு ஏதும் இருக்கா?

— பல்லிலை கூட இல்லை. நாளைக்குக் காலமை அம்புலன்ஸ் கொழும்புக்கு வெளிக்கிடுது. பயணத்துக்குப் பொலிஸ் கடிதமும் கிடைச்சிட்டுது. கையெழுத்தை வைச்சு விடுங்கோ.

— வைக்கலாம். அதுக்கு முதல், அங்க என்ன படம் எடுக்கப் போறாங்க எண்டு உங்களுக்கு விளங்கிச்சா?

— நரம்புப் படம் எண்டு பெரிய டொக்டர் சொன்னவர். அது கிடக்கட்டும்.

— கிடக்க விடாதீங்க, வடிவான விசயம் அது. ஒரு கட்டு கங்குன் கீரையை நினைச்சுப் பாருங்களேன். தண்டெல்லாம் குழாய்தானே? முள்ளந்தண்டுக்குள்ள போற நரம்பு நாரும் அப்படித்தான், கட்டுக் கட்டா நெடுகப் போகுது. அதுக்குள்ள இருக்கிற தண்ணி நாரோட சேந்து லேசா அசையும். குறுக்க போகப் பாத்தா சுவர் மறிக்கும்.

— சரி.

— அந்தக் கீரைக்கட்டை நடுவில ஆரும் மிதிச்சா?

— தண்டு நசியும். தண்ணி நாலு பக்கமும் சிந்தும்.

— அவ்வளவுதான். தண்ணி எந்தப் பக்கம் அசையுது எண்டுதான் அந்த மெசின் பாக்குது. ஒரே பக்கமா அசைஞ்சா, நார் முழுசா இருக்கெண்டு ஒரு நிறக்கோடு கீறும். சாதாரணப் படத்துல நீங்க கப்பல் ஏணியால விழுந்து அடிபட்ட இடம் வெறும் வெள்ளைத் திட்டு. இதுல அந்தத் திட்டுக்குள்ளால எத்தனை கோடு அந்தப் பக்கம் போகுது எண்டு ஓரளவுக்குப் பாக்கலாம்.

— கோடு போனா நான் நடப்பனோ?

— சத்தியம் பண்ண ஏலா. ஆராய்ச்சிக்கு எடுக்கிற படம். இப்ப தெரியிறதை விடக் கூடத் தெரியும், அவ்வளவுதான்.

— அது காணும் எனக்கு. மனுசி குணேஸ்வரி பிள்ளையளோட இந்தியாவிலை, மண்டபம் அகதி முகாமிலை இருக்கிறா. மூண்டு கடிதம் போட்டிட்டா. வள்ளத்திலை திரும்பி வரட்டோ எண்டு கேக்கிறா. நடப்பன் எண்டா நான் அங்கை போவன். ஏலாது எண்டா, என்னை மறந்திட்டு அங்கையே இரு எண்டு எழுதிப்போடுவன். எட்டு மாசமா ஒரு வரி எழுதேல்லை மிஸ். துறைமுகத்திலை கப்பல் ஊதினா இப்பவும் வேலைக்கு எழும்பப் பாக்கிறன். பிறகுதான் கால் ஞாபகம் வரும்.

— திங்கக்கிழமை உங்கட முதுகை எக்ஸ்றே எடுத்தது நான்தான், அண்ணன்.

— அதுக்கென்ன?

— அடிபட்ட இடத்துக்கு ரெண்டு விரல் மேல, நெல்லுமணி அளவுல ஒண்டு தெரியுது.

— சட்டைப் பொத்தானாயிருக்கும்.

— உங்கட சட்டையைக் கழட்டிப்போட்டுத்தான் படம் எடுத்தன்.

— கண்டிட்டு அப்ப ஏன் கேக்கிறியள்?

— நான் எழுதினா நீங்க மறைச்சதாகும். நீங்க சொன்னா நீங்க சொன்னதாகும்.

— சொன்னா? செல் துண்டு எண்டு எழுதின தாளை வழியிலை எத்தினை ஆமிச் சென்றியிலை மறிச்சு வாசிப்பினம்? தழும்பு இருந்ததுக்கே ஒருத்தனை பஸ்ஸாலை இறக்கினதைக் கண்ணாலை கண்டனான். இது தொண்ணூறிலை கிளிவெட்டியிலை, வயலுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிக்கேக்கை ஏறினது. சண்டைக்குப் போய் இல்லை.

— எனக்கு விளங்குது. அந்த மெசின் ஒரு பெரிய காந்தம், அதுக்கு விளங்காதே. அது லைட் மாதிரி நூத்து வைக்கிற சாமான் இல்ல, இரவு பகலா இழுத்துக்கொண்டே இருக்கும். துண்டு இரும்பெண்டா திரும்பும். நரம்புக்குப் பக்கத்துல திரும்பினா, இப்ப ஆட்டுறீங்களே கால் பெருவிரல், அதுவும் போகும்.

— போகட்டும். அதுவும் ஒரு பதில்தானே. அவளுக்கு எழுத ஒண்டு கிடைக்கும்.

— இப்படிக் கதைக்காதீங்க, அண்ணன்.

— வேறை ஆரோட இதைக் கதைக்கிறது?

— பேனையைத் தரட்டா? நீங்களே கீறுங்க.

— தாங்கோ. ஓம் எண்ட பெட்டி எது?

— இடது பக்கம்.

— கீறியாச்சு. நாளைக்கு அம்புலன்ஸ் என்னை விட்டிட்டுப் போகும். இனி குணேஸ்வரிக்கு என்னத்தை எழுத?

— தெரியாது எண்டு எழுதுங்க. பெருவிரல் அசையுது எண்டும் எழுதுங்க. மிச்சத்தை அவ சொல்லட்டும். எட்டு மாசமா நீங்க தனியத்தானே ரெண்டு பேருக்கும் முடிவெடுத்துக்கொண்டு இருக்கீங்க.

— சொல்லுறது லேசு. உங்களுக்கென்ன? அந்த மெசினைப் பற்றிக் கதைக்கேக்கை முகம் என்ன மாதிரி மலருது. இவ்வளவும் படிச்சுப்போட்டு இந்த இருட்டு எக்ஸ்றே அறைக்குள்ளை தனிய ஏன் கிடக்கிறியள்? இடமாற்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினா, கொழும்பிலை அதுக்குப் பக்கத்திலையே நிப்பியள்.

— அந்த அறைக்குள்ள வேலைக்குப் போறவங்களுக்கும் இதே தாள்தான் அண்ணன். ஒன்பதாம் கேள்விக்கு நானும் ஓம் எண்டுதான் கீறினன்.