சாப்டேன் கண்ணு

இல்ல, வருவாரு. வராம எங்க போயிடப்போறாரு. நீ மொதல்ல உள்ள வா. செருப்ப அங்கயே விடு. பைய இப்படிக் குடு... என்ன இது, கனமே இல்ல? ஓ, காலிப் பையா. அவரு சட்டத்துணிய அள்ளிட்டுப் போகவா. சரிதான், ஏற்பாடாத்தான் வந்திருக்க. அந்த மூலைல வை. துணி அலமாரிய நானே ஒழிச்சு வெச்சுட்டேன், உனக்கு அந்த வேல மிச்சம்.

லம்யாய்தானே உம்பேரு? பழத்தோட பேரு. அவரு பழ லாரி ஓட்டறவரு, பொருத்தம் பாத்துத்தான் புடிச்சிருக்காரு. கோச்சுக்காத தங்கச்சி, வாய்க்கு வந்தத சொல்றேன். என்ன சமோன் அக்கான்னு கூப்புடு. வேற எப்படிக் கூப்புடுவ? முறைன்னு பாத்தா அதானே வருது.

அடுப்படிக்கே வந்துடு, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கோ. ரயோங்லேருந்து வேன்லயா வந்த? பசிச்சிருக்கும். அவரு வர்றதுக்குள்ள பட் தாய் நூடுல்ஸ் பண்ணிடறேன். வேணாம்னெல்லாம் சொல்லாத. வயித்தக் காலியா வெச்சுட்டு வா, அக்கா நல்லா சமைப்பான்னு எழுதியிருந்தாரா இல்லயா? பாத்தியா. எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கற. இந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒண்ணும் இப்ப நடக்கறதில்ல.

ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு, யார் வீட்டுல இருக்கப்போறேன்னு இன்னைக்கு வாயத் தொறந்து சொல்லிடறேன்னாராமே. ம். நல்லதுதானே. உனக்கும் ஒரு முடிவு தெரிஞ்சுடும். எத்தன வருஷம் நீயும் வாசலப் பாத்துட்டு உக்காந்திருப்ப. எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும், அந்தாளுக்கு வாசலப் பாத்துப் பாத்து எனக்கு எப்பவோ கண்ணு பூத்துப்போச்சு.

எதிர் வீட்டம்மாவா? உன்னப் பாத்து ஒரு மாதிரி நின்னாளா? அவ அப்படித்தான், கண்டுக்காத.

இங்க பாரு, நூடுல்ஸ். நம்ம ஊரு பேரையே வெச்ச நூடுல்ஸ். சந்தபுரில இருந்துட்டு இதக்கூட ஒழுங்காப் பண்ணலன்னா காறித் துப்புவாங்க. காலைலயே பச்சத்தண்ணில போட்டுட்டேன். தொட்டுப் பாரு. வளையணும், ஒடையக் கூடாது, ஆனா உள்ள ஒரு வெறப்பு இருக்கணும். மிச்சத்த சட்டி பாத்துக்கும். நீ எப்படிப் பண்ணுவ?

வெந்நீர்லயா.

இல்ல, சிரிக்கல. சிரிப்புத்தான் வருது, ஆனா உன்னப் பாத்து இல்ல. கேளு இந்தக் கதைய. ஒரு நாள் இதே எடத்துல நின்னு நூடுல்ஸ ஊறப் போட்டுட்டு இருக்கேன். அவரு வந்து நெலப்படில சாஞ்சுக்கிட்டு, ஏன் இவ்ளோ நேரம் ஊறப்போடற, வெந்நீர்ல முக்கி எடுத்தா சட்டுனு ஆயிடும்லங்கறாரு. எனக்குக் கை அப்படியே நின்னு போச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷன் அடுப்படிப் பக்கம் வந்தது தண்ணி குடிக்க மட்டுந்தான். உப்பு டப்பா எதுன்னு தெரியாது. இவருக்கு யாரு வெந்நீர் வெச்சுக் காட்டினா? எந்த அடுப்படில இவ்ளோ நேரம் பக்கத்துலயே நின்னு வேடிக்க பாத்தாரு? அன்னைக்குத் தெரிஞ்சுது தங்கச்சி. சட்டைல வாசன வந்து தெரியல, உதட்டுச் சாயம் ஒட்டித் தெரியல. உன் வெந்நீர்தான் காட்டிக் குடுத்துச்சு.

ஒண்ணுமே கேக்கல நான். ஊறப்போட்டேன், வதக்கினேன், வெச்சேன், தின்னாரு. ராத்திரி நல்லாத் தூங்கினாரு. நான்தான் தூங்கல. உன்ன ஒரு நாள் இந்த ஸ்டூல்ல உக்கார வெச்சு எங்கையால பரிமாறணும்னு அன்னைக்கே நெனச்சேன். பயப்படாத, விஷமெல்லாம் வெக்கற ஆளு இல்ல நான். வேணும்னா பக்கத்துலயே நின்னு பாரு, என்னென்ன போடறேன்னு.

புளி, பனவெல்லம், மீன் தண்ணி. மூணும் சேந்து கொதிச்சு, கரண்டிலேருந்து சோம்பேறித்தனமா எறங்கணும். ஆச்சு. இப்ப சட்டிய நல்லா காய விடு. சின்ன வெங்காயம். டோஃபு. உப்புல ஊறின முள்ளங்கி. காஞ்ச கூனி எறா. கண்ணு எரியுதா? கொஞ்சம் தள்ளி உக்காரு. ஒவ்வொரு தட்டாத்தான் பண்ணுவேன் நான், மொத்தமாக் கொட்டினா கஞ்சியாயிடும். மொத தட்டு அவருக்கு. எப்பவுமே மொத தட்டு அவருக்குத்தான், அத மாத்தல நான்.

இப்ப நூடுல்ஸு, மேல புளிச்சாறு. புரட்டு, புரட்டு. ஓரமா ஒதுக்கிட்டு முட்ட. பூண்டுத்தழ, மொளகட்டின பயறு, அடுப்ப அணைச்சுடணும். மேல நண்டுச் சத. அவருக்கு நண்டுன்னா உசுரு.

இந்த அடுப்படி அலமாரி மேல வெச்சுடறேன், சூடு ஆறாம இருக்கட்டும். அந்தச் சத்தமா? சும்மா விரலால ரெண்டு தட்டு தட்டினேன். பழக்கமாயிடுச்சு, பல்லி கில்லி இருந்தா ஓடிடும். அந்த செவுத்துல சதுரமா வெளுத்திருக்கே, அதக் கேக்கறியா? ஒரு படம் மாட்டியிருந்தேன். நீ வரேன்னு காலைலதான் எறக்கி வெச்சேன். இந்தப் பூப்போட்ட சட்டையும் உனக்காகத்தான் போட்டேன். நல்லாருக்கா? ரொம்ப நாளா நானும் கலரே போடல.

அட, எதிர் வீட்டம்மா சன்னலச் சாத்திட்டா பாரு. நூடுல்ஸ் வாசன போயிருக்கும். சாத்தட்டும்.

இப்ப உன் தட்டு. பேசு, நானே பேசிட்டிருக்கேன். உங்கிட்ட எப்படி இருக்காரு? போனே எடுக்க மாட்டேங்கறாரா? சீசன் நேரம், லோடு வடக்க எல்லை வரைக்கும் போகுது, என்ன பண்ணுவாரு. பொண்டாட்டி பக்கத்துலயே இருக்கா, பேச முடியாதுன்னு எழுதினாரா? அது உண்மதான், நான் பக்கத்துலயேதான் இருந்தேன்.

ஆனா மெசேஜ் நெறய வருதா? முன்ன மாதிரி இல்லயா? எப்படி எழுதறாரு, சொல்லேன், எங்கிட்ட என்ன வெக்கம். கண்ணுன்னு கூப்புடறாரா. மழ பெய்யுது, கொட எடுத்துட்டுப் போன்னு எழுதறாரா. நீ தலவலின்னு சொன்னதுக்கு மறுநாள் மறக்காம எப்படி இருக்குன்னு கேட்டாரா. ம். இத்தன வருஷத்துல அவரு இவ்ளோ பிரியமா இருந்ததே இல்லன்னு சொல்லு. அழாத. எதுக்கு இப்ப கண்ணு கலங்குது, சந்தோஷமான விஷயம்தானே. எனக்கெல்லாம் அந்தாளு அப்படி ஒரு வார்த்த எழுதினதில்ல. எண்ண வாங்கணும், டயர் மாத்தணும், வர லேட்டாகும், அவ்ளோதான்.

இந்தா. வாழப்பூ ஒரு கீத்து, வேர்க்கடல, மொளகாத்தூள், எலுமிச்ச. பிழிஞ்சுக்கோ. சாப்புடு. அவரு வரட்டும்னு காத்திட்டிருக்காத, நூடுல்ஸ் ஆறினா ஒட்டிக்கும். நானா? எனக்கு வேணாம். நீ சாப்புடறதப் பாக்கணும், அது போதும்.

எப்படி இருக்கு? தெரியும். வெந்நீர்ல முக்கினா இது வராது. பாரு, ஒரு இழ கூட அறுந்திருக்காது. கடிக்காம உறிஞ்சு, நீளமா உள்ள போகட்டும்.

நீளம்னதும் ஞாபகம் வருது. எங்க மாமனார் செத்தப்ப ராத்திரி சீட்டாடிட்டு முழிச்சிருந்தவங்களுக்குன்னு இவரு குடிச்சுட்டுப் போய்க் கட கடயா ஏறி நூடுல்ஸ் பொட்டலம் கட்டிட்டு வந்துட்டாரு. பெத்த அப்பன் பொணத்துக்கு முன்னாடி. எங்க மாமியாருக்கு வந்த கோவத்தப் பாக்கணுமே. அத்தன பொட்டலத்தையும் ஆத்துல வீசிட்டு, கட்டயில போறவனே, எழவு வீட்டுல நூடுல்ஸ் போடுவாங்களாடா, சாவு நூல் புடிச்ச மாதிரி நீண்டுக்கிட்டே போவும்டான்னு வெளக்கமாத்தால அடிச்சுது. உங்க ஊர்லயும் அப்படித்தானே? எல்லா ஊர்லயும் அப்படித்தான். அந்த மாசமே மாமியாரோட தம்பி போய்ச் சேந்தாரு. அதுலேருந்து இந்த மனுஷனுக்கு அதுல ஒரு பயம். எத்தன பேய் ரோட்டுல லாரி ஓட்டினவரு, சாவு வீட்டத் தாண்டறப்ப வாய்ல நூடுல்ஸ் இருந்தா துப்பிட்டுத்தான் போவாரு.

நல்லா சாப்புடற. பசிதான் உனக்கு. அந்த நண்டயும் எடுத்துக்கோ.

நேரமாச்சுங்கறியா? சரி, கூப்ட்டுப் பாரேன். எங்க வந்துட்டிருக்காருன்னு கேளு. எடுக்க மாட்டாருன்னு நீயே முடிவு பண்ணாத. என் முன்னாடியே கூப்புடு, எனக்கென்ன.

ம். கேக்குதா?

உனக்குன்னு தனியா ஒரு பாட்டு வெச்சிருக்காரு பாரு அந்தாளு. அவரு போன் என் சட்டப் பைலதான் இருக்கு. எடுக்கட்டுமா? வேணாம், நீயே வெச்சுடு.

உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல. அவரு எங்கயும் போகல. அந்த அலமாரி மேலதான் இருக்காரு, அந்தத் தட்டுக்குப் பின்னாடி, சின்னப் பித்தளச் சொம்பு தெரியுதா. எலும்பு கொஞ்சம் எடுத்து வெச்சேன், மிச்சச் சாம்பல லேம் சிங் கடல்ல கரச்சாச்சு. போன மாசம். க்ளேங் தாண்டி ரோட்டோரமா லாரி நின்னுட்டிருந்துச்சு, எஞ்சின் ஓடிட்டே இருந்துச்சாம். நெஞ்சடைப்பு. உங்கிட்டத்தான் வந்துட்டிருந்திருக்காரு. போலீஸ்காரன் கல்யாணப் பதிவுல யாரு பேரு இருக்கோ அவளத்தானே கூப்புடுவான்? என்னக் கூப்ட்டான். அவரு போன எங்கையில குடுத்தான். அதத் தொறக்கற நம்பரு லாரி நம்பர்தான், அதுக்கு மேல அவருக்கு யோசிக்கத் தெரியாது. கூட ஓட்டற டிரைவருங்ககிட்ட, ரயோங் பக்கம் எவனாவது வாயத் தொறந்தீங்க, அவனவன் பொண்டாட்டிகிட்ட அவனவன் கதயச் சொல்லிடுவேன்னேன். ஒருத்தன் தொறக்கலியே.

உன்ன வர விட்டிருக்கலாம். நீ வந்து சவப்பெட்டி மேல விழுந்து அழுதிருப்ப. பாவம் சின்னப் பொண்ணுன்னு எனக்குச் சேர வேண்டிய அழுகையிலயும் ஊரே உனக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்திருக்கும். தர மாட்டேன்னேன். உசுரோட இருந்தப்ப பாதி எடுத்துட்ட. செத்தப்புறம் முழுசா எனக்கு வேணும். நீ அந்த மூஞ்சிய கடைசியா ஒரு தடவ பாக்கக் கூடாது, அவ்ளோதான் நெனச்சேன். பாக்கலல்ல?

அந்த மெசேஜா. தெனமும் எழுதணும்னு நெனச்சு ஆரம்பிக்கல. மொத நாள் சாயந்தரம், சாமியாருங்க ஓதி முடிச்சுட்டாங்க. வழக்கப்படி சாப்பாட்டக் கொண்டுபோய் வெச்சு, பெட்டிய ரெண்டு தட்டு தட்டி, எழுந்திரிங்க, வந்து சாப்புடுங்கன்னு கூப்ட்டுட்டிருக்கேன். மடில போன் அதிருது. பாத்தா நீ. சாப்டாச்சான்னு கேட்டிருக்க. நானும் அதத்தான் கேக்கறேன், நீயும் அதத்தான் கேக்கற, ரெண்டு பேருக்கும் அவரு பதில் சொல்லல. யாருக்காவது ஒருத்திக்குப் பதில் வரட்டும்னு தோணிச்சு. சாப்டேன் கண்ணுன்னு எழுதினேன்.

நீ ஒரு பூ பொம்ம அனுப்பின. அப்புறம் விட முடியல. கொடயும், தலவலியும், எல்லாம் நான்தான். எனக்கு யாராவது எழுதணும்னு நெனச்சதையெல்லாம் உனக்கு எழுதினேன். நீ சந்தோஷப்படப்பட எனக்குள்ள வெறி ஏறிச்சு. இவ ஏறட்டும், ஏறட்டும், எவ்ளோ ஒசரத்துலேருந்து விழறாளோ அவ்ளோ நல்லதுன்னு எழுதினேன். உனக்குப் பிரியமா இருந்தது அந்தாளு இல்ல தங்கச்சி. அது நான்.

இருமாத. தண்ணி இந்தா. துப்பணும்னா துப்பிக்கோ, ஆனா முக்காவாசி உள்ள போயிடுச்சு. எங்க குடும்பத்துல சாவு விழுந்து நூறாம் நாள் ஆகறவரைக்கும் இந்த வீட்டு அடுப்புல நூடுல்ஸ் ஏத்த மாட்டாங்க. எதிர் வீட்டம்மா சன்னலச் சாத்தினது அதுக்குத்தான். நான் ஒரு வாய் தொடல, பாத்தல்ல. அவருக்கு ஒரு தட்டு, உனக்கு ஒரு தட்டு. ரெண்டு தட்டுதான் பண்ணேன்.

கெளம்பறியா? இரு, பைய மறந்துட்டுப் போற. சட்டத்துணி எதுவும் இல்ல, அவரோடயே எரிச்சாச்சு. அவ்ளோ தூரத்துலேருந்து வந்துட்டு வெறும் பையோட போகாத. தட்டுல மிச்சம் இருக்கறத வாழ இலைல கட்டித் தர்றேன், வேன்ல சாப்புடு.