போர் விமானத்துக்கு மேக்கப்பு

நத்தம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் பழைய போர் விமானத்தைப் புதுப்பித்த மெக்கானிக், மற்றவர் அதைப் படமெடுத்த கல்யாண போட்டோகிராபர். மெக்கானிக்தான் ஆரம்பித்தார்.

“ஏலே, விமானத்துக்கு எதுக்குடா மேக்கப்பு போட்ட?”

“மூஞ்சி பூரா துருவா இருந்துச்சுண்ணே. கம்ப்யூட்டர்ல சுத்தமாத் தொடச்சிட்டேன்.”

“அது வேலைக்கு முன்னாடி எடுத்த படம்டா! மாசக்கணக்கா துருவச் சுரண்டுனது நானு. வேலைக்கு முன்ன, பின்னன்னு ரெண்டு படத்தையும் பாத்துட்டு, என்னய்யா வேலை பாத்தேன்னு ஆபீசர் கேக்குறாரு. அடுத்த விமானத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாரு போல. தொடைக்காத படத்தக் குடு.”

“கல்யாணப் பொண்ணு பருவோட இருக்குற படத்த எவன்ணே வச்சிருப்பான்? அதே மாதிரி இதையும் அன்னைக்கே அழிச்சிட்டேன்.”

மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“கவலப்படாதீங்கண்ணே. வேலை முடிஞ்சு எடுத்த படத்த இன்னுங் கொஞ்சம் பளபளப்பாக்கித் தாரேன்.”