அட்டையில் பெயர் இல்லாத நாவல்

இந்த அரங்கத்துக்குத் தலைமை ஏற்று, இவள் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் எங்கள் பதிப்பக உரிமையாளர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே, வெளிவேலை முடிந்து வீட்டுவேலை தொடங்கும் முன் கிடைத்த இடைவெளியில் இங்கே ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, ஆசிரியர் அழைத்ததால் மட்டுமே வந்திருக்கும் மாணவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்பவர்களே, இந்த நாட்டின் குடிமக்களே, குடிமக்கள் என்று இன்னும் எழுதப்படாதவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்று வெளியாகும் நூல் 'பெட்டி கட்டாதவள்'. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது, மாணவர்களே. உயிருக்கு அஞ்சி ஓடும் குடும்பங்களின் கதை. அட்டையைப் பாருங்கள். தலைப்பு இருக்கிறது. 'நாவல்' என்ற சொல் பெரிதாக இருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை.

"அச்சுப் பிழையா?" என்று அங்கிருந்து ஓர் ஐயா கேட்கிறார். இல்லை ஐயா. அச்சகம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பெயர் ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்த நூலின் பதிப்பாசிரியரான நான் மேடை ஏறியிருக்கிறேன்.

எழுதியவர் ஓர் இளம்பெண். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவர். டயர் கடைக்கு மேல் இரண்டு அறை. அப்பா, அம்மா, தம்பி. நாடு விட்டு ஓடி வந்து, பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்து, ஆண்டுக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கும் குடும்பம். இந்த அடையாளங்களில் பாதியை நானே மாற்றியிருக்கிறேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

விசாரணை எப்படி நடக்கும் தெரியுமா? நால்வரையும் தனித்தனியாக அழைப்பார்கள். ஒரே கேள்வியை நால்வரிடமும் கேட்பார்கள். புறப்பட்டது மாலை என்று அம்மா சொல்லி, பிற்பகல் என்று பிள்ளை சொன்னால் அதற்குப் பெயர் முரண்பாடு. முரண்பட்டால் முடிந்தது. அதனால் அந்த அப்பா வாய்ப்பாடு போல நால்வரையும் ஒப்பிக்க வைத்தார். நடந்ததைத்தான் ஒப்பிக்க வைத்தார். நடந்த உண்மையையே மனப்பாடம் செய்ய வேண்டிய மனிதர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மொழிபெயர்ப்பாளருக்காக வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பழகிய வாய் அவருடையது. சாப்பாட்டில்கூட "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு நிறுத்துவாராம். "மேல பேசுங்கப்பா, இங்க யாரும் மொழிபெயர்க்கல" என்பானாம் மகன்.

சிரியுங்கள். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார்கள்.

அந்த வீட்டில் இருந்துதான் இந்த நாவல் வந்தது. இதில் ஓர் அத்தை வருகிறாள். வாய் ஓயாத அத்தை. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே லாரியில் ஒளிந்து எல்லோரும் எல்லை தாண்டும்போது சொல்கிறாள்: "அழறவங்க எல்லாம் இப்பவே அழுதுக்கங்க. பழியை வெங்காயத்து மேல போட்டுக்கலாம்." அப்படி ஓர் அத்தை அவர்கள் குடும்பத்தில் இல்லை. லாரியும் இல்லை, வெங்காயமும் இல்லை. உண்மையில் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மெய்ப்பு பார்க்க அச்சுப்படியை எழுதியவரிடம் கொடுத்தோம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சிவப்பு மையில் எது இருந்தாலும் அது திருத்தம். தட்டச்சு செய்பவர் ஏன் என்று கேட்காமல் ஏற்றிவிடுவார். படி திரும்பி வந்தது, ஏற்றினார். ஏற்றி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். "மேடம், புத்தகம் இளைச்சுப் போச்சு. அத்தையைக் காணோம்."

அத்தை இல்லை. லாரி இல்லை. இரவு பிற்பகலாகியிருந்தது. நகைச்சுவை எல்லாம் நறுக்கப்பட்டு நாளும் இடமும் நட்டு வைக்கப்பட்டிருந்தன. நாவலாகப் போனது வாக்குமூலமாகத் திரும்பியிருந்தது. மகள் வேலைக்குப் போன நேரத்தில், மேசை மேல் கிடந்த படியை அப்பா திருத்தியிருக்கிறார். முரண்பாட்டைக் கண்டால் களைவதே கடமையென்று பழகிய மனிதர், மகளின் கற்பனையையும் களைந்துவிட்டார்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம், மேலே இந்தச் சண்டை.

"யாரு இந்த அத்தை? நம்ம மனுவுல இப்படி ஒருத்தி கிடையாதே."

"கதைப்பா."

"உனக்குக் கதை. மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற அதிகாரிக்கு? உங்க மக எழுதினதுல அஞ்சு பேர் வந்திருக்கீங்க, இங்க நாலு பேர் நிக்கிறீங்க, அஞ்சாவது ஆள் எங்கன்னு கேட்டா யாரைக் காட்டுவேன்?"

உள்ளேயிருந்து அம்மா சொன்னார்: "அவளையே காட்டுங்க. கூடப் பிறந்தவ இல்லைங்கிற உங்க குறையாவது தீரும்."

அப்பா சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது. இறுதி விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கறிஞரைக் கேட்டோம். "நாவல் நாவல்தான். ஆனா அட்டையில இந்தப் பொண்ணு பேர் இருந்தா கேள்வி வராதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

இதற்கு நடுவில் எங்கள் உரிமையாளர் ஒரு யோசனை சொன்னார். ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன், முறைக்காதீர்கள். "உண்மைக் கதைன்னு ஒரு வரி போடும்மா. பள்ளிக்கூடம் எல்லாம் வாங்கும். அகதிப் பொண்ணு கற்பனை பண்ணினதை யார் வாங்குவா?"

யார் வாங்குவார்? அவையோரே, இந்தக் கேள்விக்குள்தான் நம் அழுக்கு அத்தனையும் இருக்கிறது. நான் நிலவுக்குப் போனதாக எழுதினால் பயணச்சீட்டைக் காட்டு என்று யாராவது கேட்பீர்களா? அவர்கள் எழுதினால் மட்டும் ஏன் கேட்கிறோம்? நமக்குக் கற்பனை, அவர்களுக்குக் காயம். நமக்குக் கவிதை, அவர்களுக்குச் சாட்சியம். காயத்தைக் காட்டினால் கண்ணீர் விடுவோம். கதை ஒன்று கட்டினால் கண்ணைச் சுருக்குவோம். உள்ளே வர உயிர் பிழைத்த கதையைக் கட்டணமாகக் கேட்கிறோம். கேட்டுவிட்டுக் காசு செல்லுமா என்று தட்டியும் பார்க்கிறோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கருணை.

அப்பா ஒரு வழி சொன்னார். பெயர் இருக்கட்டும், அத்தை போகட்டும். புத்தகம் மனுவோடு ஒத்துப்போனால் பயமில்லை. மகள் அச்சுப்படியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "பேரை எடுத்துடுங்கக்கா. அத்தை இருக்கட்டும்."

"இது உன் முதல் புத்தகம்மா" என்றேன்.

"அதனாலதான். உண்மையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுக்கா. அத்தை இல்லாத புத்தகம் எனக்கு இன்னொரு வாக்குமூலம். அது ஏற்கெனவே இருக்கு. என் கையெழுத்தும் அதுல இருக்கு."

கைதட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். தன் பெயரா, தன் கற்பனையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வைத்த உலகத்தில், அவள் சரியாகத் தேர்ந்தெடுத்தாள் என்று நாம் கைதட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வெட்டியதை எல்லாம் மீண்டும் சேர்த்து, கடைசிப் படியை அனுப்பினேன். திரும்பி வந்தபோது ஒரே ஓர் இடத்தில்தான் சிவப்பு மை. லாரி நிற்கிறது, ஓட்டுநர் இறங்கச் சொல்கிறார், எல்லோரும் இறங்குகிறார்கள். அத்தோடு அத்தியாயம் முடிய வேண்டும். அந்த ஓரத்தில் அத்தையின் பேச்சாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. கையெழுத்து மகளுடையது அல்ல.

"ரெண்டு கிலோ வெங்காயம் குடுத்துட்டுப் போ தம்பி. போற எடத்துல எங்களுக்காக யாரும் அழப்போறதில்ல, நாங்களே அழுதுக்கறோம்."

தொலைபேசியில் அந்த அப்பாவைக் கேட்டேன். "இது நடக்கலம்மா" என்றார். "ஆனா அவ இருந்திருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

அவ்வளவு காலம் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்த மனிதர் இட்டுக்கட்டிய முதல் வரி அது. அந்த வரியோடுதான் நூல் அச்சாகியிருக்கிறது. 'உண்மைக் கதை' என்ற வரி அச்சாகவில்லை. அதற்கு இறங்கி வந்த உரிமையாளருக்கு நன்றி. இறங்க வைக்க மூன்று வாரம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர்களே, இந்த நூலைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது 'இது நடந்தது, இரக்கப்படு' என்று சொல்லாதீர்கள். 'இது கதை, நன்றாக இருக்கிறதா பார்' என்று சொல்லுங்கள். நண்பர்களே, எழுதியவர் இங்கே இருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் படிக்காதீர்கள். புத்தகத்தைப் படியுங்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. இந்த நாடு அவர்களை ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பின் அட்டையில் பெயர் வரும். திருப்பி அனுப்பிவிட்டாலும் பெயர் போடலாம். அதன் பிறகு அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இரண்டு பதிப்புக்கும் அதே அட்டை, அதே எழுத்து, அதே பெயர். எதை அச்சிடப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கும், பெயர் சொல்ல முடியாத அந்தக் குடும்பத்துக்கும் நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.