பூட்டிய வீட்டுக்குள் கேட்ட மாப்பிள்ளைக் குரல்

பெயரையும் கதவு எண்ணையும் காவல் நிலைய எழுத்தர் ஐயா முதல் தாளில் குறித்துக்கொண்டார். வயது நாற்பத்தாறு. தொழில், குடும்பத்தைக் கவனித்துக்கொள்வது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கிய எழுத்தர் ஐயா கொஞ்ச நேரத்திலேயே, "கமா எங்க வரணும்னு கூட நீங்களே சொல்றீங்க, நீங்களே எழுதிடுங்கம்மா" என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டதால், ஆண்டவனை நினைத்துக்கொண்டு என் கைப்பட எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். இன்று பகலில் எங்கள் வீட்டிலிருந்து எடுத்து வரப்பட்ட கம்ப்யூட்டர் மாலை ஐந்து மணிக்கு முன் எங்கள் கைக்குத் திரும்ப வேண்டும். ஏன் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் என் கணவரும் நானும் அவருடைய தங்கையும் இருக்கிறோம். நாத்தனாருக்கு வயது நாற்பத்தொன்று ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தவள். சில வருடங்களுக்கு முன் பார்வை மங்கத் தொடங்கி, முழுதாகப் போய்விட்டது. அதன் பிறகு சமையல் செய்தாள், துணி மடித்தாள், என்னோடு பிரார்த்தனைக்கு வந்தாள், எல்லோரையும் கேலி செய்தாள். நாடகம் மட்டும் எழுதவில்லை. நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்ன வசனத்தில் ஒருவன் தாயிடம் பொய் சொன்னான். எனக்கு மனம் ஒப்பவில்லை, பொய்யை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதாக எழுதினேன். மறுநாள் படித்துக் காட்டியபோது பாப்பா தலையில் கைவைத்துக்கொண்டு, "அண்ணி, என் வில்லனைப் பிடிச்சு பக்திமான் ஆக்கிட்டீங்களே, இனிமே அவன் எப்படி வீட்டை எரிப்பான்?" என்றாள். அத்துடன் அந்த ஏற்பாடு நின்றது.

கம்ப்யூட்டர் எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. வீட்டுக் கணக்குக்காகத் தட்டித் தட்டிப் பழகினேன். அதில் எழுத்தை உரக்கப் படிக்கும் குரல் ஒன்று முன்பே இருந்தது, ஆனால் தமிழைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளின் அடுத்த பதிப்பில் தமிழ் படிக்கும் குரல் வருகிறது என்றும், அது எல்லோருக்கும் கிடைக்க அடுத்த வருடம் ஆகும் என்றும், விருப்பப்படுகிறவர்கள் சோதனைப் பதிப்பை இப்போதே போட்டுப் பார்த்துக் குறைகளை எழுதி அனுப்பலாம் என்றும் படித்தேன். நீங்கள் நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் இதைப் போடாதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. எங்களிடம் இருப்பது ஒன்றுதான். என் கணவர், "இருக்கிற ஒரே பெட்டியில போய் விஷப்பரீட்சை பண்ணணுமா?" என்றார். நான் கணக்கையும் குடும்பப் படங்களையும் தனியாகப் பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

குரல் வந்தது. ஆண் குரல். தமிழைத் தெளிவாகப் படித்தது, ஆனால் சந்தோஷமோ துக்கமோ எதையும் காட்டிக்கொள்ளாமல், மாத்திரைச் சீட்டைப் படிக்கிற மாதிரி படித்தது. அத்தோடு நிறுத்தற்குறிகளையும் சேர்த்துப் படித்தது. பாப்பா ஒரு வரி தட்டச்சு செய்தாள், அது திரும்பச் சொன்னது, அவள் அடுத்த வரி தட்டச்சு செய்தாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பில் வைத்தது கரிந்துபோனது, யாரும் எழுந்து போகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் இளையவன் என்பதால் அந்தக் குரலுக்குப் பாப்பா தம்பி என்று பெயர் வைத்தாள்.

அதன் பிறகு அவள் வானொலி நிலையத்துக்குப் பேசினாள். அங்கிருக்கும் தயாரிப்பாளர், புதிய நாடகத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, இன்று மாலை ஐந்துக்குள் முழுப் பிரதி வந்தால் ஒலிபரப்பு, வராவிட்டால் வேறு நாடகம் என்று சொல்லியிருந்தார். நாடகத்தின் கதை, கல்யாணத்தன்று லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு மாப்பிள்ளை. லிஃப்ட் விவரமெல்லாம் என் கணவரிடம் கேட்டுக்கொண்டது. கடைசிக் காட்சி மட்டும் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது. மாப்பிள்ளை உள்ளே நிற்கிறான், வெளியே ஊரே நிற்கிறது, முடிவு வரவில்லை.

இன்று காலை சோதனைப் பதிப்புக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. குறைகளை நிறுவனத்துக்கு எழுதும்போது என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். அதே முறையில் இங்கும் சொல்கிறேன். நான் செய்தது: திருத்தத்தை ஓடவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பாப்பாவுடன் பிரார்த்தனைக்குப் போனேன். கிளம்பும்போது தம்பி ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு கத்தியதால், "விடு பாப்பா, கத்தி ஓயட்டும், திரும்பி வந்து பார்த்துக்கலாம்" என்று வாசலில் சொன்னதும் உண்மை. எதிர்பார்த்தது: கம்ப்யூட்டர் தானாக அணைந்து, மறுபடி எழுந்து, கடவுச்சொல் கேட்டுக்கொண்டு வாயை மூடி நிற்கும். நடந்தது: எழுந்தது, கடவுச்சொல் கேட்காமலே உள்ளே போனது, நாடகத்தைத் திறந்தது, விட்ட இடத்திலிருந்து படித்தது. சமையலறையிலிருந்தும் கேட்க வேண்டும் என்று பாப்பா ஒலியைக் கடைசிவரை திருகி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பக்கம் ஜன்னல் திறந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தையல்காரர், எங்கள் தெருவுக்குப் புதிது, நல்ல மனிதர். அவர் கேட்டதாகப் புகாரில் இருப்பது இது: "கதவைத் திறங்க, என்னை உள்ள அடைச்சு வெச்சிருக்கு, இன்னைக்கு எனக்குக் கல்யாணம்." அவர் எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார். பூட்டு தொங்கியிருக்கிறது. அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் பேசியிருக்கிறார். "கத்துறவன் குரல்ல பதற்றமே இல்ல சார், அதனாலதான் உடனே உங்களுக்குப் பேசினேன். ஒவ்வொரு தடவை கத்தி முடிச்சதும் ஆச்சரியக்குறின்னு வேற சொல்றான். பாவம், எத்தனை நாளா அடைச்சு வெச்சாங்களோ, புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று அவர் சொன்னதாக எழுத்தர் ஐயாவே எனக்குப் படித்துக் காட்டினார். படிக்கும்போது அவர் தோள் குலுங்கியது.

அதன் பிறகு ஏட்டையாவும் இரண்டு காவலர்களும் வந்து பூட்டை உடைத்திருக்கிறார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது. உள்ளே ஏட்டையா, "தம்பி, பயப்படாதீங்க, போலீஸ் வந்தாச்சு, எங்க இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, "மேலயும் போகல, கீழயும் போகல, நடுவுல நிக்கிறேன்" என்ற வசனத்துக்கு வந்திருந்தான். ஒரு காவலர் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். ஏட்டையா நாற்காலி போட்டுப் பரணில் கைவிட்டார். என் பெரிய பாத்திரங்கள் எல்லாம் அவர் மேல் இறங்கின. பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, யாரோ என் நாடகத்துல நடிக்கிறாங்க" என்றாள்.

ஏட்டையா கடைசியில் பெட்டியைக் கண்டுபிடித்து மின்கம்பியை உருவினார். குரல் நின்றது. நாங்கள் விளக்கம் சொன்னோம். ஆள் கத்தினதாகப் புகார் இருக்கிறது, ஆள் இல்லை, குரல் இருக்கிறது, ஆகவே குரல் நிலையத்துக்கு வரவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நெற்றி வீங்கிய மனிதரிடம் நான் வாதாடவில்லை.

இங்கே வந்த பிறகு, பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பு வாங்கினதைக்கூட அன்றன்றே எழுதுகிற நான், கணக்குக்குப் பிரதி எடுத்தேன், படங்களுக்குப் பிரதி எடுத்தேன். பாப்பாவின் நாடகத்துக்கு எடுக்கவில்லை. நான் பிரதி எடுத்த அன்று நாடகமே இல்லை. அது அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. பாப்பாவிடம் சொன்னேன். அவள் கேலி ஒன்றும் செய்யவில்லை. மடியில் விரல்களை மட்டும் தட்டச்சு செய்வதுபோல அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதுவரை எழுதியதை ஆய்வாளர் ஐயா வாங்கிப் படித்துவிட்டு, அது குரல்தான் என்று இங்கேயே காட்ட முடியுமா என்று கேட்டார். ஆகவே அதன் பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெட்டி எழுத்தர் ஐயாவின் மேஜையில் வைக்கப்பட்டது. திருத்தம் முடிந்ததா என்று தெரியாத நிலையில் மின்கம்பி உருவப்பட்டிருந்ததால், ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாக நின்றது. பிறகு, மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன என்று வந்தது. எதைத் திரும்பப் பெறுகிறது, எதை விட்டுவைக்கிறது என்று அது சொல்லவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தது தம்பி பேசிய பிறகுதான். காட்சி ஒன்று முற்றுப்புள்ளி, என்று தொடங்கினான்.

எழுத்தர் ஐயா பேனாவை மூடினார். சைக்கிள் தொலைந்ததாகச் சொல்ல வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். புகார் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்த தையல்காரர் உள்ளே வந்தார். மாப்பிள்ளை கத்தினான், அவசர மணிக்குப் பதில் சொல்லும் பெண் அவனைத் திட்டினாள், மாமனார் படிக்கட்டில் மூச்சு வாங்கினார். "அட, இந்த ஆளையா நான் பரண்ல தேடினேன்" என்று ஏட்டையா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், நெற்றியைத் தடவிக்கொண்டு அவரும் சிரித்தார். மணப்பெண் ஏழாவது மாடிக்கு நடந்தே ஏறி வந்து லிஃப்ட் கதவில் காதை வைக்கும் இடத்தில் தம்பி, கோப்பு முடிந்தது, என்றான்.

"அப்புறம்?" என்றார் ஆய்வாளர் ஐயா.

"இன்னும் எழுதல சார்" என்றாள் பாப்பா.

"எழுதலன்னா? கதவு திறக்குமா, திறக்காதா?"

"எழுதலாம்னு வீட்டுக்கு வந்தேன் சார். பெட்டியை நீங்க தூக்கிட்டு வந்துட்டீங்க."

ஆய்வாளர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பிறகு தன் நாற்காலியை எடுத்து மேஜை முன்னால் போட்டு, பாப்பாவைக் கையைப் பிடித்து உட்காரவைக்கும்படி என்னிடம் சொன்னார். வெளியே யார் வந்தாலும் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள் என்று ஏட்டையாவிடம் சொன்னார். பாப்பா எழுதினாள். அதே மேஜையின் இந்தப் பக்கம் நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். தகவல் கேட்டு வேலை உடையோடு ஓடிவந்த என் கணவர் உள்ளே நுழைந்ததும், என்ன ஆச்சு என்று அவர் கேட்பதற்குள் பாப்பா, "அண்ணா, கதவை உள்ள இருந்து திறக்க முடியுமா?" என்றாள். அவர் வாசலில் நின்றபடியே, "முடியாது, வெளியிலதான் சாவி. ஏன், யார் மாட்டிக்கிட்டா?" என்றார். தையல்காரர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்து, "முதல்ல உட்காருங்கண்ணே, மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

பாப்பா கடைசிக் காட்சியை முடித்ததும் தம்பி அதைப் படித்தான். பழுது பார்ப்பவர் வந்து சாவி போடுகிறார். கதவு திறக்கிறது. எல்லோரும் மாப்பிள்ளை வெளியே வருவான் என்று நிற்கிறார்கள். மணப்பெண் உள்ளே போகிறாள். "ஏழு மாடி ஏறி வந்திருக்கேன், திரும்ப நடக்க என்னால ஆகாது, இறங்கும்போது சேர்ந்தே இறங்கலாம்" என்கிறாள். கதவு மூடுகிறது. லிஃப்ட் இறங்குகிறது. அந்த இடத்தில் என் கணவர், "பழுது பார்த்தவன் முகம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி போடு பாப்பா" என்றார். போட்டாள்.

பிரதி ஏட்டையாவின் கைபேசி இணைப்பு வழியாக ஐந்து மணி அடிப்பதற்கு முன் அனுப்பப்பட்டது. தயாரிப்பாளர் பேசினார். கிடைத்தது, முடிவு தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, பின்னால் கைதட்டுகிறவர்கள் யார் என்று கேட்டார். பாப்பா, "போலீஸ் சார்" என்றாள். இந்த முறை நாடகத்தை நான் மூன்று இடங்களில் பிரதி எடுத்துவிட்டேன்.

தையல்காரர் மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. ஒரு குரல் உதவி கேட்டது, அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எங்கள் ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நாடகம் ஒலிபரப்பாகும் நாளில் மட்டும் அதை விலக்கி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உடைந்த பூட்டை என் கணவர் பார்த்துக்கொள்வார். கடவுச்சொல் கேட்காமல் எழுந்த குறையை இன்றே நிறுவனத்துக்கு எழுதுவேன். பெட்டி குறையில்லாமல் எங்கள் கைக்கு வந்துவிட்டது.

மேலே உள்ளதில் லிஃப்டும் மாப்பிள்ளையும் என் நாத்தனாரின் கற்பனை, மற்றது எல்லாம் ஆண்டவன் அறிய நடந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் தம்பியைப் போலவே நிறுத்தற்குறிகளையும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்த பாப்பா, "இவ்வளவு நடந்திருக்கு, உங்க எழுத்துல ஒரு ஆச்சரியக்குறி கூட இல்லையே அண்ணி" என்றாள். வாக்குமூலத்தில் அது போடலாமா என்று எழுத்தர் ஐயாவைக் கேட்டேன். ஒன்றே ஒன்று போடலாம் என்றார்.

என் நாத்தனார் மறுபடி நாடகம் எழுதிவிட்டாள்!

(கையொப்பம்)