கிளிப்படம் போட்ட டப்பா

கஸ்தூரி: ...இல்ல மதினி, பயமெல்லாம் ஒண்ணுமில்ல.

வடிவு: பயமில்லாதவதான் பாயைச் சுருட்டிக்கிட்டு எங்கிட்ட வந்து படுத்திருக்கியாக்கும்.

கஸ்தூரி: அங்கிட்டு புழுக்கமா இருந்துச்சு.

வடிவு: ஆமா, இங்க கொடைக்கானலு. தள்ளிப் படு. புள்ள மேல கையப் போட்டுறாத.

கஸ்தூரி: தூங்குறானா?

வடிவு: பொழுதடைஞ்சதும் தூங்குனவன். ஒரு பொட்டு அழுகையில்ல. இன்னைக்குத்தான் என் முதுகும் சித்த பாயில படுது.

கஸ்தூரி: நேத்தெல்லாம் விடிய விடிய அழுதானே.

வடிவு: நேத்து வயிறு பத்தல. இன்னைக்கு நெறஞ்சிருச்சு... பேச்ச மாத்தாத. என்ன விசயம் சொல்லு.

கஸ்தூரி: அம்மா முழிச்சிருக்காகளா?

வடிவு: ஒங்கம்மா கொறட்டை திருச்சுழி ரோடு வரைக்கும் கேக்குது. ஒங்கண்ணன் பருத்தி லோடோட அருப்புக்கோட்டைக்குப் போயிட்டாக. விடிஞ்சு முத பஸ்ஸுக்குத்தான் வருவாக. இங்க நம்ம ரெண்டு பேருதான். சொல்லு.

கஸ்தூரி: ...தீஞ்ச வாடை அடிக்குது மதினி. அடுப்புல எதுவும் வச்சிருக்கீகளா?

வடிவு: அப்படியா? வெந்நி போட்டேன். தண்ணி சுண்டிருச்சு போல. காலையில சட்டியத் தேச்சுக்கிறலாம்.

கஸ்தூரி: ஒங்களுக்கு வாடை தெரியலையா?

வடிவு: நாலு நாளா சளி. மூக்கு செத்துக் கெடக்கு. சாணியையும் சாம்பிராணியையும் கொண்டாந்து வச்சாலும் எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்... நீ இழுத்துக்கிட்டே போற.

கஸ்தூரி: ஒரு டப்பாவக் காணோம்.

வடிவு: ...எந்த டப்பா?

கஸ்தூரி: கிளி டப்பா.

வடிவு: அடி போடி. இந்த ஊர்ல எது கிளி டப்பா இல்ல? உப்பு கிளி டப்பாவுல, வெதை கிளி டப்பாவுல, ஒங்கண்ணன் சவரம் பண்ற தண்ணி கிளி டப்பாவுல. ஒன் சங்கத்தால ஊரே கிளிக்கூண்டாப் போச்சு.

கஸ்தூரி: கேலி பண்ணாதீக மதினி.

வடிவு: பின்ன என்ன? செல்லக்கிளி பால் பவுடர் தாய்மார் சங்கம். அதுக்குத் தலைவி யாருன்னா, தாவணி போட்ட குமரி. தாய்மாரு சங்கத்துக்குத் தாயாகாத தலைவி.

கஸ்தூரி: டப்பாவுல எழுதியிருக்கத வாசிச்சுச் சொல்லணும்ல. ஊருக்குள்ள பத்தாவது வரைக்கும் போன பொம்பள வேற யாரு இருக்கா? அந்தப் பவுடர் கம்பெனி ஆபீசர் அன்னைக்கே சொன்னாரு. கடைக்காரன் சொன்னா வெலைக்குச் சொல்றான்னு நெனப்பாக, நம்ம ஊருப் புள்ள சொன்னா வீட்டுச் சமாச்சாரமா எடுத்துக்குவாகன்னு.

வடிவு: கெட்டிக்காரரு. வேனக் கொண்டாந்து படம் காட்டி, பாட்டுப் போட்டு, ஆளுக்கொரு கிளி பேட்ஜு குத்தி, முத டப்பாவ சும்மா குடுத்தாரு. ரெண்டாவது டப்பாவுக்குத்தான கைய நீட்டுனாரு.

கஸ்தூரி: நீங்கதான் பேட்ஜே வேணாம்னுட்டீகளே.

வடிவு: எனக்கெதுக்கு? என் புள்ளைக்கு எங்கிட்ட இருக்கு... சரி, அந்த மனுசன் இன்னைக்கு வந்தாருல்ல. சிரிச்ச மூஞ்சியாத்தான பஸ் ஏறுனாரு? நீ எதுக்குப் பேயடிச்சாப்ல இருக்க?

கஸ்தூரி: அவரு சும்மா வரல. சங்கம் நெசமா இருக்கா, பேருக்கு இருக்கான்னு பாக்க வந்தாரு. வீடு வீடாப் போயி, பேட்ஜு குத்துனவுக வீட்டுல டப்பா இருக்கான்னு கையில தூக்கியே பாத்தாரு.

வடிவு: பாக்கட்டும்.

கஸ்தூரி: யாரு வீட்டுல மதினி இருக்கு? மழை பொய்ச்சதுல இருந்து ரெண்டு வீட்டுலதான் வாங்குறாக. மத்தவுக புள்ளைக்கெல்லாம் கேப்பைக் கஞ்சிதான். பேட்ஜு மட்டும் சீலையில தொங்குது.

வடிவு: பெறகு எப்படி அவரு...

கஸ்தூரி: எல்லா வீட்டுலயும் டப்பா இருந்துச்சு.

வடிவு: ஏ புள்ள. என்ன பண்ண நீ?

கஸ்தூரி: காலையில கடகப்பெட்டியத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள போனேன். யாரு வீட்டுல பழைய கிளி டப்பா கெடந்தாலும் எரவல் வாங்குனேன். பேட்ஜு குத்துன வீட்டு மாடத்துல ஆளுக்கொண்ணு வச்சுட்டேன்.

வடிவு: வெறும் டப்பாவையா?

கஸ்தூரி: வெறும் டப்பான்னா தூக்குனதும் தெரிஞ்சுருமே. உள்ள என்ன கெடந்துச்சோ அதோடயே வாங்கியாந்தேன். வெதை, உப்பு, மல்லித்தூளு... கனம் இருந்தாப் போதும்னு.

வடிவு: அடி கள்ளி. வரிசையா மல்லியையும் உப்பையும் தூக்கிப் பாத்துட்டு, பால் பவுடருன்னு எழுதிக்கிட்டுப் போனாரா அந்த மகாராசன்?

கஸ்தூரி: மெதுவா... மெதுவாச் சிரிங்க மதினி.

வடிவு: எனக்கு அடக்க முடியல. இம்புட்டு மூளைய எங்க வச்சிருந்த?

கஸ்தூரி: சங்கம் நல்லா நடக்குதுன்னு எழுதுனா மதுர ஆபீசுல எனக்கு வேலை போட்டுக் குடுக்குறேன்னாரு. ஊர் ஊராப் போயி சங்கம் ஆரம்பிக்கிற வேலை. அங்கயே தங்கிக்கிறலாமாம். இல்லேன்னா தையில சுப்புராசு மாமாவுக்குன்னு அம்மா முடிச்சே வச்சுட்டாக.

வடிவு: சுப்புராசுக்கு என்ன கொற? ஜின்னிங் மில்லுல வேலை பாக்குறாரு.

கஸ்தூரி: முப்பத்தாறு வயசு கொற.

வடிவு: ...அதுவும் ஒரு கொறதான்.

கஸ்தூரி: மதினி, இவன் காலு என்ன வெட்டி வெட்டி இழுக்குது?

வடிவு: கனாக் காணுறான். சாமி பூவக் காட்டி வெளையாட்டுக் காட்டும். துணிய இழுத்து விடு.

கஸ்தூரி: கையும் துடிக்குது.

வடிவு: எழுப்பிவிட்டுறாத தாயி. ஒரு ராத்திரியாச்சும் நான் கண்ண மூடுறேன்... டப்பாக் கதைய முடி.

கஸ்தூரி: ஆபீசர் பாத்து முடிச்சதும் எல்லா டப்பாவையும் திரும்ப எடுத்துப் பெட்டியில போட்டேன். அவரு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாரு, கூடவே போயி ஏத்திவிடணுமேன்னு பெட்டிய நம்ம அடுப்படி ஓரத்துல வச்சுட்டு ஓடுனேன். திரும்பி வந்து வீடு வீடாக் குடுத்தேன். கடைசி வீட்டுக்குக் குடுக்கப் பெட்டியில டப்பா இல்ல.

வடிவு: போற வழியில விழுந்திருக்கும்.

கஸ்தூரி: அடுப்படியிலதான் போயிருக்கு. நீங்க வீட்டுலதான இருந்தீக? யாரும் வந்தாகளா?

வடிவு: ...யாரு வந்தா? நான் புள்ளயப் பாப்பனா, பெட்டிக்குக் காவல் இருப்பனா?

கஸ்தூரி: யோசிச்சுச் சொல்லுங்க மதினி.

வடிவு: ஒரு டப்பாவுக்கா இம்புட்டு? எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

கஸ்தூரி: டப்பாவ எலி இழுக்குமா?

வடிவு: ஒன் சாம்பிள் டப்பாவுல பவுடரு கொறையுது கொறையுதுன்னு எலியத்தான சொன்ன. மூடியத் தொறந்து கரண்டி போட்டுத் திங்கிற எலி இதையும் செய்யும்.

கஸ்தூரி: வெளையாடாதீக. யாரு வந்தா?

வடிவு: ...தவசி பொண்டாட்டி வந்தா. மோரு கேட்டு.

கஸ்தூரி: தவசி பொண்டாட்டியா? அவ கையில மூணு மாசப் புள்ள இருக்கே... விடுங்க, நான் போறேன்.

வடிவு: எங்க போற? ஏ, ஒக்காரு.

கஸ்தூரி: அவ வீட்டுக்கு.

வடிவு: இந்நேரத்துலயா? தூங்குறவளத் தட்டி எழுப்பி, நீ டப்பா திருடுனியான்னு கேப்பியா? விடிஞ்சா ஊரு நம்ம வீட்டு வாசல்ல நிக்கும்.

கஸ்தூரி: நின்னா நிக்கட்டும். கைய விடுங்க மதினி.

வடிவு: அவ வரல.

கஸ்தூரி: என்னது?

வடிவு: அவ வரல. சும்மா வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். ஒக்காரு.

கஸ்தூரி: வராதவளை எதுக்கு வந்தான்னு சொன்னீக?

வடிவு: நீ நச்சரிச்சா என்னத்தையாச்சும் சொல்லித் தொலைக்கணும்ல... கஸ்தூரி, நான் ஒண்ணு கேக்குறேன். எடுத்தவ எடுத்துட்டா. ஏதோ இல்லாமத்தான எடுத்திருப்பா? கடையில போயிக் கேக்கத் துட்டுமில்ல, ஒங்கிட்ட வந்து கேக்க நாக்குமில்ல.

கஸ்தூரி: எங்கிட்டக் கேட்டா நான் குடுக்க மாட்டனா?

வடிவு: குடுப்ப. பேட்ஜும் குத்துவ. நாளைக்கு ஊருக்கே தெரியும், அவளுக்குப் பால் இல்லன்னு. கெணத்தடியில தவசி பொண்டாட்டிய ஒங்கம்மா என்ன சொன்னாக, மறந்துட்டியா? வத்துன மடு. அம்புட்டுப் பேரு முன்னால. அவ கொடத்த நெறைக்காமயே போயிட்டா.

கஸ்தூரி: அம்மா வாய்தான் தெரியுமே.

வடிவு: தெரியும். அந்த வாய்க்குப் பயந்தே ஒருத்தி... எவளாச்சும் ஒருத்தி, தண்ணியக் கலக்கிக் கலக்கிப் புள்ள வாயில ஊத்திக்கிட்டு, வெளிய வந்து மாரோட அணைச்சுக் காட்டிக்கிட்டு இருப்பா. ஒன் படத்துல அதெல்லாம் காட்ட மாட்டாக.

கஸ்தூரி: ஏன் மதினி அழுகுறீக?

வடிவு: சளி. சொன்னேன்ல.

கஸ்தூரி: எடுத்தவுக யாரா இருந்தாலும் நான் கோவிக்க மாட்டேன். அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். சத்தியமா. அந்த டப்பாவ அவுக தொறக்காம இருந்தாப் போதும்.

வடிவு: பால் பவுடரத் தொறக்காம என்ன, பூசைக்கா வைப்பாக?

கஸ்தூரி: அவுக அப்படித்தான நெனப்பாக. மேல கிளியப் பாத்துட்டுப் பால் பவுடருன்னுதான நெனப்பாக... சாயந்தரமே தெருவுல நின்னு கத்தியிருக்கணும் மதினி. கத்துனா எல்லாம் தெரிஞ்சுரும், வேலை போயிரும், சங்கம் போயிரும்னு வாய மூடிக்கிட்டேன். பவுடரு வாங்குற ரெண்டு வீட்டுக்கும் போயி, கட்டி தட்டியிருக்கான்னு பாக்குறேன்னு டப்பாவத் தொறந்து பாத்தேன். அவுககிட்ட அது இல்ல. அப்பவும் சொல்லல. விடிஞ்சதும் சொல்லிக்கிறலாம்னு வந்து படுத்தேன். விடியுறதுக்குள்ள எந்தப் புள்ளைக்காவது...

வடிவு: எதுக்கு இப்படி ஒளறுற? என்ன இருந்துச்சு அதுல?

கஸ்தூரி: பால் பவுடரு இல்ல.

வடிவு: அரிசி மாவா?

கஸ்தூரி: இல்ல.

வடிவு: வெள்ளையாத்தான இருந்துச்சு.

கஸ்தூரி: ...வெள்ளைன்னு யாரு சொன்னா?

வடிவு: நீதான் சொன்ன.

கஸ்தூரி: நான் சொல்லல மதினி.

வடிவு: ...என்னது அது? கஸ்தூரி, என்னது அது?

கஸ்தூரி: இருளாண்டி வீட்டு டப்பா. அவரு பொண்டாட்டி குடுக்குறப்பயே சொன்னா. பருத்திக்குத் தூவுற பூச்சி மருந்து, மிச்சத்த இதுல கொட்டி வச்சிருக்கோம், கை கழுவிக்கோன்னு. வேற டப்பா கெடைக்கல. ஒரு வீடு கொறையுது. அடையாளத்துக்குச் செவப்பு நூலு கட்டித்தான் வச்சேன். ஆபீசர் வாசல்ல ஏறுறாரு, நூலு எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லன்னு நான்தான் அத்து எறிஞ்சுட்டேன்... மதினி? மதினி, ஏன் எந்திரிச்சுட்டீக?

வடிவு: வெளக்கத் தூண்டு... புள்ளயத் தூக்கு, எனக்குக் கை வரல. எனக்குப் பால் வத்தி ஒரு மாசமாச்சு கஸ்தூரி. ஒன் பெட்டியில இருந்து நாந்தான் எடுத்தேன்.