மூன்று நிமிடம் பத்து வினாடி

மேடம், முதலில் ஒரு சின்ன விஷயம். எழுத்து பொடியாக இருக்கிறதென்று திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு படிக்கிறீர்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை மேலே உருட்டுங்கள். அவ்வளவுதான். கழுத்துவலிக்குத் தைலம் வாங்குகிற செலவு மிச்சம்.

இதுதான் என் வேலை. மருத்துவமனையின் கணினிப் பிரிவில் உட்கார்ந்து வாரம் ஒரு வீடியோ போடுவேன். என் திரையில் நான் செய்வது அப்படியே பதிவாகும். மவுஸ் முனையைச் சுற்றி மஞ்சள் வட்டம், பின்னணியில் என் குரல். எதிரொலி வராமல் இருக்க வீட்டில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுவேன். "சார் மேல் தட்டுல குடியிருக்காரா, கீழ் தட்டுலயா?" என்று மனைவி கதவைத் தட்டுவாள். அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி பேசுவேன். வெட்டியது யாருக்கும் தெரியாது. அதில் நான் கெட்டிக்காரன்.

ஒரு வீடியோவைச் சராசரியாகப் பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் நான்கு நான்.

காரணம் அக்கா. உங்களுக்குத் தெரிந்தவர்தான், போன வாரம் உங்கள் விசாரணைக்கு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாராம். முன்பதிவுப் பிரிவில் இருபத்தாறு வருடம். பிரின்டர் மக்கர் செய்தாலும், திரை தலைகீழாகத் திரும்பிக்கொண்டாலும் எல்லோர் வாயிலும் அவர் பெயர்தான். வருவார், ஒற்றை விரலால் எதையோ தட்டுவார், சரியாகிவிடும். ஏன் சரியானது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீடியோ பாருங்களேன் என்று ஒரு நர்ஸிடம் சொன்னேன். "பாக்கலாம் சார், ஆனா அக்கா வந்தா அதுக்குள்ள வேலையே முடிஞ்சிடுது" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊழியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் நல்ல குறிப்புகள் கிடைக்கும். அதற்காக ஒருநாள் அக்காவின் திரையைப் பதிவு செய்தேன். அப்போதுதான் அந்த விஷயம் தெரிந்தது.

எங்கள் மென்பொருளில் நாளைய அறுவை சிகிச்சைகள் மட்டும் இருக்கும். தேதி தள்ளிப்போனவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களைக் கவனிப்பது அக்கா. ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. கோப்பின் பெயரே நோயாளியின் பெயரும் போன் நம்பரும். அந்தக் கோப்புகளை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? குப்பைத்தொட்டியில். நாம் அழிக்கிற கோப்பெல்லாம் போய் விழுமே, கணினியில் இருக்கிற அதே தொட்டி.

ஏன் என்று கேட்டேன்.

"அதுல போட்டாத்தான் தம்பி, என்னிக்குப் போட்டோம்னு அதுவே தேதி போட்டுக்குது. பழசு மேல வந்து நிக்கும். காலையில மேல இருக்கறவங்கள வெளிய எடுத்து போன் பண்ணுவேன். யாரு ரொம்ப நாளா காத்திருக்காங்கன்னு நான் மண்டைய உடைச்சுக்க வேணாம் பாருங்க."

"அப்ப எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்களா? வேற எங்கயும் இல்லையா?"

"அறுபத்து மூணு பேரும் இதுக்குள்ளதான். பத்திரமா இருக்காங்க."

சொல்லிவிட்டுப் பட்டியலை மேலிருந்து கீழே வரை ஓட்டிக் காட்டினார். ஒன்பது வருடமாக ஒருவரைக்கூட அவர் தவறவிட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் அழகான வழி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

அடுத்த வாரம் போட்ட வீடியோதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. 'உங்கள் கணினியை லேசாக்க ஒரே ஸ்விட்ச்.' மொத்தம் மூன்று நிமிடம் பத்து வினாடி. அந்த ஸ்விட்சைப் போட்டால் கணினி தேவையற்றதைத் தானே துடைத்துவிடும். எத்தனை நாள் பழசானதைத் துடைக்க வேண்டும் என்று கீழே ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாக அதில் முப்பது நாள் என்றிருக்கும். நான் ஒருநாள் என்று மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். குப்பைத்தொட்டி என்ற வார்த்தை வீடியோவில் ஓரிடத்திலும் வராது. நீளமானால் யாரும் பார்க்க மாட்டார்கள் மேடம்.

அக்கா வீடியோ பார்க்கிறவர் இல்லை. நானே போய், உங்களுக்காகத்தான் போட்டேன், இதை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்த்தார். நான் சொன்ன இடத்தில் நிறுத்தி, சொன்ன இடத்தில் ஒற்றை விரலால் தட்டினார். "தம்பி எவ்வளவு பொறுமையா சொல்லுது பாருங்க" என்றாராம்.

மறுநாள் காலை தொட்டி காலி.

என்னிடம்தான் ஓடி வந்தார். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. மீட்டெடுக்கும் மென்பொருளை ஓட்டினேன். அதில் பாதி பெயர்கூட வரவில்லை. அப்போது அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

"தம்பி, அன்னிக்கு வீடியோ எடுத்தீங்களே. நான் முழுசா ஓட்டிக் காட்டினேனே. அதுல எல்லார் நம்பரும் இருக்குமே."

கெட்டிக்காரப் பெண்மணி.

"அது சரியா பதிவாகலக்கா" என்றேன்.

பதிவாகியிருந்தது. அறுபத்து மூன்று பெயரும், எண்ணும், கூடவே வேற எங்கயும் இல்லையா என்று நான் கேட்ட கேள்வியும். அவர் போனதும் அந்த வீடியோவைத் திறந்து, பெயர்கள் வருகிற இடம் முழுவதையும் மங்கலாக்கினேன். நோயாளிகளின் விவரம் வெளியே தெரியக் கூடாது. திரைப்பதிவில் அது முதல் விதி. என் குரலையும் வெட்டிவிட்டு மூலப் பதிவை அழித்தேன். குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரடியாக அழிக்க ஒரு வழி உண்டு, பிறகு சொல்லித் தருகிறேன்.

அக்கா நினைவிலிருந்தும் பழைய துண்டுச் சீட்டுகளிலிருந்தும் ஐம்பத்தெட்டுப் பேரைக் கண்டுபிடித்தார். பிறகு இன்னும் நான்கு பேர். மிச்சம் ஒருவர். இதய வால்வுக்காகக் காத்திருந்தவர், பள்ளி வேன் ஓட்டுநர். தொட்டி காலியான அன்று காலை பட்டியலில் முதலில் நின்றிருக்க வேண்டியவர். பெயர் நினைவிருந்தது, வேன் நினைவிருந்தது, எண் மட்டும் வரவில்லை. நாங்களே கூப்பிடுகிறோம், நீங்கள் அலைய வேண்டாம் என்று அவரிடம் சொன்னதும் அக்காதான்.

அதனால் தினமும் அனுமதி கேட்டு மூன்றரை மணிக்குக் கிளம்பி, பள்ளி விடுகிற நேரத்தில் ஒவ்வொரு பள்ளி வாசலாகப் போய் நின்று வேன்காரர்களை விசாரித்தார். ஒன்பதாவது பள்ளியில் தெரிந்தது. அந்த ஓட்டுநர் நான்கு நாட்களுக்கு முன்பு இறந்துவிட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, கைபிரேக் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். ஒழுங்கான மனிதர்.

அக்கா திரும்பி வந்து, நான்தான் ஸ்விட்சைப் போட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்து உங்கள் அறிக்கையும் தயாராகிவிட்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே நான் வந்திருக்க வேண்டியதில்லை. நிர்வாக அலுவலகத்தில் அறிக்கையின் நகலைப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: 'பயிற்சி வீடியோ தெளிவாக இல்லாததால் ஊழியர் குழப்பமடைந்து தவறிழைத்திருக்கிறார்.'

அது உண்மையில்லை மேடம். அந்தத் தொட்டியில் என்ன இருக்கிறதென்று தெரிந்துதான் செய்தேன். தொட்டி காலியாக வேண்டும் என்றுதான் செய்தேன். எங்கே தட்ட வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று மஞ்சள் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன். முன்னூற்று நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள், நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. அக்கா துளியும் குழம்பவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

மற்றதை உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமித்துவிடுங்கள், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.